நிலவுலகின் நெஞ்சகம்

செட்டிநாட்டுச் சிற்றூர்களுள் வலையபட்டியும் ஒன்று. அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் காணச் செல்வோர், அங்குள்ள பழைய பெருவீடுகளின் முகப்பிலும் வளவிலும் அணிவகுத்து நிற்கும் தேக்குத் தூண்களைக் கண்டு வியப்பர். அத்தூண்கள் நம் நாட்டுக் காட்டில் விளைந்தவை அல்ல. பர்மாவிலிருந்து கடல் கடந்து வந்தவை. செட்டிநாட்டு வணிகர் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சென்று பொருளீட்டி, அப்பொருளைக் கொண்டு தம் ஊரில் மாளிகை எழுப்பினர். கரை காணாத கடலில் அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குத் திசை காட்டியது யாது? ஒரு சிறிய காந்த ஊசி. இரவானாலும் பகலானாலும், மேகம் வானை மூடினாலும், அவ்வூசி வடக்குத் தெற்காகவே நின்றது.

அவ்வூசியை அவ்வாறு நிற்கச் செய்தது எது? அதனை இழுத்துப் பிடித்த கை எங்கே இருந்தது? வானத்திலன்று, வடமுனையிலுள்ள ஏதோ ஒரு மலையிலுமன்று. நம் காலடிக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் அது இருந்தது. நிலவுலகின் நடுவில் அமைந்துள்ள இரும்பு உருண்டையே அது. அதனை அறிவியலார் ‘கருவம்’ என அழைப்பர். அதன் அமைப்பையும் பிறப்பையும் வளர்ச்சியையும் இப்பாடத்தில் காண்போம்.

கண்ணாற் கண்டு இதனை அறிந்தவர் எவரும் இலர். மனிதன் தோண்டிய குழிகளெல்லாம் நிலவுலகின் தோலில் இட்ட சிறு கீறல்களேயாம். கருநாடகத்தில் உள்ள கோலார்த் தங்கச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. 2001 ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. உருசிய நாட்டின் வடகோடியில், கோலா என்னும் தீவக்குறையில், அறிவியலார் பல ஆண்டுகள் துளையிட்டு 1989 இல் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டினர். அதற்கு மேல் செல்ல அங்கிருந்த வெப்பம் இடந்தரவில்லை. ஆனால் நிலவுலகின் நடுவை அடைய 6,371 கிலோமீட்டர் செல்லவேண்டும். ஐந்நூறு பக்கமுள்ள நூலில் முதல் தாளைக்கூட நாம் முழுமையாகப் புரட்டவில்லை எனலாம். அங்ஙனமாயின், உள்ளே இரும்பு உள்ளது என்பதை எவ்வாறு அறிந்தனர்?

முதற்சான்று எடையாகும். 1798 இல் காவெண்டிசு என்னும் ஆங்கிலேய அறிஞர் ஈயக் குண்டுகளுக்கிடையே நிகழும் நுண்ணிய ஈர்ப்பை அளந்து, அதன்வழி நிலவுலகின் அடர்த்தியைக் கணக்கிட்டார். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், அது தன் பருமனுக்குச் சமமான நீரைவிட ஏறத்தாழ ஐந்தரை மடங்கு எடையுள்ளது என்பது தெளிவாயிற்று. நாம் காணும் கருங்கல்லோ நீரைப்போல் இரண்டே முக்கால் மடங்கு எடையுடையது. மேலே உள்ள பொருள் எடை குறைந்ததாயின், உள்ளே உள்ளது எடை மிகுந்ததாகத்தானே இருத்தல் வேண்டும்? மிகுந்த அளவில் கிடைப்பதும் அத்தகைய எடையுடையதுமான பொருள் இரும்பு ஒன்றே எனப் பின்வந்தோர் கருதினர். எனினும் இது கருத்தளவில் நின்றதேயன்றி மெய்ப்பிக்கப்படவில்லை.

மெய்ப்பிக்கும் வழியைக் காட்டியது நம் நாட்டில் நேர்ந்த ஒரு பெருந்துன்பம். 1897 ஆம் ஆண்டு சூன் 12 ஆம் நாள் மாலையில் அசாம் பகுதியில் கொடிய நிலநடுக்கம் ஏற்பட்டது. சில்லாங்கில் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. மலைச்சரிவுகள் ஊர்களை மூடின. ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். கல்கத்தாவிலும் வீடுகள் பிளந்தன. அப்பொழுது இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய இரிச்சர்டு டிக்சன் ஓல்டாம் என்பவர், அந்நிலநடுக்கத்தை ஆராயும் பொறுப்பை ஏற்றார். அவரும் அவருடைய துணைவர்களும் இடிந்த சுவர்களையும் பிளந்த நிலத்தையும் அளந்து குறித்தனர். 1899 இல் அவர் எழுதிய அறிக்கை வெளிவந்தது.

அவ்வாய்வில் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. அசாமில் எழுந்த அதிர்ச்சியை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் ஐரோப்பிய நாடுகளில் இருந்த கருவிகளும் பதிந்திருந்தன. அப்பதிவுகளில் அதிர்வு ஒரே முறையில் வந்து முடியவில்லை. மூவகை அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தன. முதலில் வந்தது நெட்டலை. தொடர்வண்டியின் ஒரு பெட்டியை இடித்தால், அவ்விடி அடுத்தடுத்த பெட்டிகளுக்குச் செல்கின்றது அன்றோ? அதுபோல இவ்வலை பொருளை நெருக்கியும் தளர்த்தியும் முன் செல்லும். அடுத்து வந்தது குறுக்கலை. கயிற்றின் ஒரு நுனியைப் பற்றி மேலும் கீழும் அசைத்தால் கயிறு நெளிவதுபோல இது செல்லும். இவ்விரண்டும் நிலவுலகின் உள்ளே ஊடுருவி வருவன. இறுதியில் வந்தது நிலத்தின் மேற்பரப்பில் தவழ்ந்து வரும் அலை.

உள்ளே ஊடுருவி வந்த அலை, தான் கடந்து வந்த வழியின் செய்தியையும் உடன் கொண்டு வருகின்றது. குடத்தைத் தட்டி அது நிறைகுடமா வெறுங்குடமா என அறிகின்றோம். நிலநடுக்கமோ நிலவுலகத்தைத் தட்டுகின்ற பெருந்தட்டு. அவ்வொலியைக் கேட்கக் கற்றுக்கொண்டால் உள்ளிருப்பதை அறியலாம். ஓல்டாம் அவ்வாறே செய்தார். பல நிலநடுக்கங்களின் பதிவுகளை ஒப்பிட்ட அவர், உலகின் மறுபுறத்தை நோக்கி மிக ஆழமாகச் செல்லும் அலைகள் எதிர்பார்த்த நேரத்தில் வாராமல் காலந்தாழ்த்து வருவதைக் கண்டார். வழியில் அலைகளின் விரைவைக் குறைக்கும் வேறொரு பொருள் உள்ளது. அதுவே உலகின் கருவம் என்று 1906 இல் அவர் உலகிற்கு அறிவித்தார்.

அவருக்குப் பின் வந்தோர் அவர் இட்ட அடித்தளத்தின்மேல் கட்டினர். கருவத்தின் மேற்பரப்பு 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது எனச் செருமானிய அறிஞர் கூட்டன்பர்க்கு முதல் உலகப்போருக்குச் சற்று முன்னர்க் கணக்கிட்டார். அவ்விடத்தில் நெட்டலையின் விரைவு நொடிக்குப் பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேலிருந்து எட்டுக் கிலோமீட்டராகக் குறைகின்றது. குறுக்கலையோ கருவத்திற்குள் புகுவதேயில்லை. நீர்மப் பொருளைப் பக்கவாட்டில் நெளித்தால் அது மீண்டு நிமிர்வதில்லை. ஆதலின் குறுக்கலை நீர்மத்தின் வழியே செல்லாது. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, கருவம் உருகிய நிலையில் உள்ளது என 1926 இல் செப்ரீசு என்னும் ஆங்கிலேய அறிஞர் நிறுவினார்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சி நின்றது. உருகிய கருவம் அலைகளை வளைத்துவிடுவதால், உலகின் ஒரு பகுதியில் நெட்டலையே விழாத நிழல் உண்டாதல் வேண்டும். ஆனால் அந்நிழலிலும் மெல்லிய அலைகள் சில பதிவாயின. அவற்றைப் புறக்கணிக்காமல் ஆராய்ந்தவர் தென்மார்க்கு நாட்டுப் பெண்மணி இங்கே இலேமன். 1929 இல் நியூசிலாந்தில் நேர்ந்த நிலநடுக்கத்தின் பதிவுகளை அவர் நுணுகி ஆராய்ந்தார். கணிப்பொறி இல்லாத காலம் அது. கணக்குகளைச் சீட்டுகளில் எழுதி, தானிய உணவு விற்கும் அட்டைப் பெட்டிகளில் வகைப்படுத்தி வைத்துக்கொண்டு அவர் உழைத்தார். உருகிய கருவத்தின் நடுவில் வேறொரு சிறிய கருவம் உள்ளது. அதில் பட்டுத் தெறித்த அலைகளே நிழலில் விழுகின்றன என்று 1936 இல் விளக்கினார். அவ்வகக் கருவம் கெட்டியானது என்பது பின்னர் உறுதிப்பட்டது. அப்பெருமாட்டி நூற்று நான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1993 இல் மறைந்தார்.

இவ்வறிஞர்கள் கண்ட உண்மைகளைத் தொகுத்து நோக்குவோம். நிலவுலகத்தை ஒரு மாங்கனிக்கு ஒப்பிடலாம். கனியின் தோல் போன்றது நாம் வாழும் மேலோடு. சதை போன்றது அதன்கீழ் உள்ள கவசம். அது பாறையால் ஆனது. கொட்டை போன்றது புறக் கருவம். அதனுள் இருக்கும் பருப்புப் போன்றது அகக் கருவம். உவமை ஓரளவே பொருந்தும். மாங்கொட்டை வலியது, புறக் கருவமோ உருகி ஓடுவது. கருவம் முழுவதன் ஆரம் ஏறத்தாழ 3,480 கிலோமீட்டர். அகக் கருவத்தின் ஆரம் 1,220 கிலோமீட்டர். பருமனில் உலகின் ஆறில் ஒரு பங்கே ஆயினும், எடையில் கருவம் மூன்றில் ஒரு பங்காகும். அதில் பெரும்பகுதி இரும்பு, சிறிது நிக்கல், மற்றும் கந்தகம், சிலிக்கன், உயிர்வளி போன்ற இலேசான தனிமங்களும் கலந்துள்ளன. நடுவில் வெப்பம் 5,000 பாகைக்கு மேல். ஏறத்தாழக் கதிரவனின் மேற்பரப்பில் நிலவும் வெப்பம் எனலாம். அத்துணை வெப்பத்திலும் அகக் கருவம் உருகாதிருப்பது ஏன்? அதன்மேல் அழுத்தும் சுமையே காரணம். அங்குள்ள அழுத்தம் நம் தலைமேல் உள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் முப்பத்தாறு இலட்சம் மடங்கு. அவ்வழுத்தம் இரும்பின் அணுக்களை நெருக்கி, உருகவொட்டாமல் தடுக்கின்றது.

இனி, இக்கருவம் தோன்றிய வரலாற்றைக் காண்போம். அதற்குச் சான்று கூறும் இரு விண்கற்கள் தமிழ்நாட்டிலேயே கிடைத்துள்ளன. 1857 ஆம் ஆண்டு பிப்பிரவரி 28 ஆம் நாள், அன்றைய மதுரை மாவட்டத்தில் இரு பெருங்கற்கள் வானிலிருந்து வீழ்ந்தன. விண்கற்களின் பட்டியலில் அவை ‘பார்நல்லி’ என்னும் பெயரால் குறிக்கப்படுகின்றன. அக்கல்லை அறுத்துப் பார்த்தால் கடுகு போன்ற சிறுமணிகளும் உலோகத் துகள்களும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கக் காணலாம். அது ஒருபோதும் முழுவதும் உருகாத கல். கதிரவன் குடும்பம் உருவான காலத்துப் பொருள் அப்படியே உறைந்து நின்றது. மற்றொன்று 1898 இல் பழனிமலைத் தொடரில் கண்டெடுக்கப்பட்ட ‘கொடைக்கானல்’ விண்கல். ஏறத்தாழப் பதினாறு கிலோகிராம் எடையுள்ள அது பெரும்பாலும் இரும்பு; கண்ணாடி போன்ற கற்றுகள்கள் அவ்விரும்பிடையே பதிந்துள்ளன. உருகிய உலோகமும் கல்லும் பிரிந்தும் பிரியாமலும் உறைந்த நிலையை அது காட்டுகின்றது. முதற்கல் உலையில் இடாத மண். இரண்டாவது உலை கண்ட உலோகம்.

பொற்கொல்லர் குகையில் பொன்னை இட்டு உருக்குவதை நீங்கள் கண்டிருக்கலாம். உருகியதும் எடை மிகுந்த பொன் அடியில் தங்க, இலேசான கசடு மேலே மிதக்கும். நிலவுலகிலும் இதுவே நிகழ்ந்தது. ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகளுக்கு முன், கதிரவனைச் சுற்றிய தூசியும் கற்களும் மோதித் திரண்டு உலகம் உருவாயிற்று. மோதல்களால் பிறந்த வெப்பமும், கதிரியக்கப் பொருள்கள் உமிழ்ந்த வெப்பமும் சேர்ந்து அதனை உருக்கின. எடை மிகுந்த இரும்பு துளிதுளியாக நடுவை நோக்கி இறங்கிற்று. இறங்குங்கால் மேலும் வெப்பம் பிறந்தது. அவ்வெப்பம் மேலும் உருக்கிற்று. இவ்வாறு சில கோடி ஆண்டுகளுக்குள் கருவம் பிறந்துவிட்டது. உலகின் அகவையோடு ஒப்பிட்டால் இது குழந்தைப் பருவமேயாம்.

திங்களிலும் இதே கதை நடந்தது. அங்கு எடை மிகுந்தவை இறங்க, இலேசான வெண்ணிறக் கனிமங்கள் மேலே மிதந்து மேலோடாயின. அத்தகைய பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் கிடைக்கின்றது. ஆதலால் திங்களில் ஊர்தியை ஓட்டிப் பழகுவதற்கு அப்பகுதிப் பாறையைப் பொடித்து மண்ணாக்கி இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் பயன்படுத்தினர். 2023 ஆம் ஆண்டு ஆகத்து 23 ஆம் நாள் சந்திரயான்-3 திங்களின் தென்பகுதியில் இறங்கிற்று. அதன் ஊர்தி அங்குள்ள மண்ணை ஆராய்ந்து, அது அவ்வகைப் பாறையையே ஒத்தது எனக் காட்டிற்று. அதிர்வை அளக்கும் கருவி ஒன்றும் அங்குச் சில நாட்கள் செயற்பட்டது. ஓல்டாம் அசாமில் தொடங்கிய கலை திங்கள் வரை சென்றுவிட்டது என மகிழலாம்.

கருவம் பிறந்ததோடு அதன் கதை முடியவில்லை. அது மெல்ல மெல்லக் குளிர்ந்து வருகின்றது. குளிருங்கால் நடுவிலுள்ள இரும்பு உறைந்து அகக் கருவத்தில் படிகின்றது. அகக் கருவம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்கின்றது என்பர். உறையும் இரும்பு தன்னிடமிருந்த இலேசான தனிமங்களை வெளியே தள்ளுகின்றது. அவை மேலே எழுகின்றன. வெப்பமும் மேல்நோக்கிச் செல்கின்றது. உலையிலிட்ட நீர் கொதித்துச் சுழல்வதுபோல உருகிய இரும்பு ஓயாது சுழல்கின்றது. உலகம் தன்னைத்தானே சுற்றுவதால் அச்சுழல்கள் முறையாக அணிவகுக்கின்றன.

இச்சுழற்சியே காந்தத்தின் பிறப்பிடம். உலகின் உள்ளே பெரிய காந்தக்கட்டி ஒன்று கிடக்கின்றது என முற்காலத்தார் எண்ணினர். அது பொருந்தாது; இரும்பை 770 பாகைக்கு மேல் சூடேற்றினால் அது தன் காந்தத் தன்மையை இழந்துவிடும். கருவத்தின் வெப்பமோ அதனினும் பன்மடங்கு மிகுதி. உண்மை வேறு. காந்தப் புலத்தில் உலோகம் இயங்கினால் மின்னோட்டம் உண்டாகும் என்பதைப் பாரடே 1831 இல் கண்டார். மின்னோட்டம் காந்தப் புலத்தை உண்டாக்கும். அப்புலம் மீண்டும் மின்னோட்டத்தை வளர்க்கும். மிதிவண்டியில் விளக்கெரியச் செய்யும் மின்னாக்கியைப் போல, உருகிய இரும்பு ஓடிக்கொண்டிருக்கும் வரையில் உலகின் காந்தமும் நிலைத்திருக்கும்.

ஓடும் பொருளிலிருந்து பிறப்பதால் அக்காந்தம் மாறிக்கொண்டும் இருக்கின்றது. பம்பாய்க் கொலாபாவில் 1841 இல் தொடங்கிக் காந்த அளவைகள் குறிக்கப்பட்டன. நகரில் மின்சார டிராம் வண்டிகள் வரவிருந்தமையால், அவற்றின் மின்னோட்டம் அளவைகளைக் கெடுக்குமென அஞ்சி, அந்நிலையத்தை 1904 இல் அலிபாகுக்கு மாற்றினர். அதனால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பதிவு நமக்குக் கிடைத்துள்ளது. காந்த ஊசி எப்பக்கமும் தாழாமல் கிடையாக நிற்கும் கோடு நம் நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கின்றது. அக்கோட்டின் அருகிலுள்ள தும்பாவிலிருந்தே 1963 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு இராக்கெட்டு விண்ணிற் செலுத்தப்பட்டது. அக்கோடும் ஓரிடத்தில் நில்லாமல் நகர்ந்து வருகின்றது. மேலும், கடந்த காலத்தில் வடமுனையும் தென்முனையும் பலமுறை இடம் மாறியுள்ளன. இறுதியாக மாறியது ஏழரை இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு. உறைந்த எரிமலைப் பாறைகள் அம்மாற்றங்களைத் தம்முள் எழுதி வைத்துள்ளன.

கருவம் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்று சிலர் வினவலாம். அதற்குச் செவ்வாய் விடை கூறும். 2018 இல் செவ்வாயில் இறங்கிய இன்சைட்டு என்னும் விண்கலம், நான்கு ஆண்டுகள் அங்குள்ள அதிர்வுகளைக் கேட்டு, அக்கோளுக்கும் உருகிய இரும்புக் கருவம் உண்டு என அறிவித்தது. ஆனால் அக்கருவத்தின் காந்தம் ஏறத்தாழ நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அவிந்துவிட்டது. கதிரவனிடமிருந்து மின்னேற்றத் துகள்கள் காற்றென ஓயாது வீசுகின்றன. நம் உலகின் காந்தப்புலம் அவற்றைப் பெரும்பாலும் விலக்கிவிடுகின்றது. செவ்வாய் சிறிய கோள். அதன் ஈர்ப்பும் குறைவு. காந்தக் கேடயமும் போனபின் அதன் வளிமண்டலத்தின் பெரும்பகுதி சிறிது சிறிதாக விண்வெளியிற் கரைந்தது. ஆறுகள் ஓடிய தடங்கள் அங்கு உள்ளன, நீர் இல்லை. புதன் கோளில் ஆரத்தின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கருவமேயாம். அதற்கு இன்றும் மெல்லிய காந்தம் உண்டு. கோளுக்குக் கோள் நெஞ்சகம் வேறுபடுகின்றது. அதற்கேற்ப அதன் வாழ்வும் வேறுபடுகின்றது.

மாணவர்களே! ஒரு தையலூசியைக் காந்தத்தில் ஒரே திசையாகப் பலமுறை தேய்த்து, சிறிய இலைமேல் வைத்து, கிண்ணத்து நீரில் மிதக்கவிடுங்கள். இரும்புப் பொருள் எதுவும் அருகில் இருத்தலாகாது. ஊசி மெல்லத் திரும்பி வடக்குத் தெற்காக நிற்கும். வலையபட்டியில் செய்தாலும் வேறெவ்வூரில் செய்தாலும் அது தவறாது. அன்று கடல் கடந்த கப்பல்களுக்கு வழிகாட்டிய அதே ஆற்றல், உங்கள் கிண்ணத்தில் ஊசியைத் திருப்புகின்றது. அந்நேரத்தில் இருவரை நினையுங்கள்: மக்கள் அழுது நின்ற இடிபாடுகளிடையே அளவுகோலோடு நடந்து உண்மையைத் தேடிய ஓல்டாம் ஒருவர்; பிறர் பொருட்படுத்தாத மெல்லிய அலையையும் பொறுமையோடு ஆராய்ந்த இலேமன் மற்றொருவர். காணமுடியாததை அறியமுடியாது என அவர்கள் சோர்ந்து அமரவில்லை. சிறு குறிப்பையும் தள்ளாத கருத்தூன்றலும், நெடுநாள் தளராத உழைப்பும் உடையவர்க்கு நிலவுலகின் நெஞ்சகமும் தன் மறைவைத் திறந்து காட்டும்.